சீட் பெல்ட்டின் 'டக்' சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கஞ்சில் கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2009-லேயே உற்பத்தி நின்றுபோன சின்னக் கார் அது. எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறோம், டயர் மாற்றுகிறோம். சீட் பெல்ட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. லாரி, பஸ் மாதிரி சொந்தக் காரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோகும் கட்டாயமும் நமக்கு இல்லை. அதனால் பெல்ட் கெட்டிருப்பது பலருக்கு விபத்து நடக்கும் அன்றைக்குத்தான் தெரிய வருகிறது.

தோளில் அழுத்துகிறது என்று என் மாமா துணி காயப்போடும் கிளிப் ஒன்றை பெல்ட்டின் மேல்பக்கம் மாட்டி வைத்திருந்தார். நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே என் கை தாராளமாகப் போகும். போலீஸ்காரர் பார்த்தால் பெல்ட் போட்டிருக்கிறார் என்றுதான் விடுவார். ஆனால் கார் மோதினால், அந்தத் தொய்வு தீரும்வரை உடம்பு முன்னால் பாயும். பெல்ட் பிடிப்பதற்குள் நெஞ்சு ஸ்டீரிங்கில் இடித்துவிடும். ஒருநாள் கிளிப்பை நானே கழற்றினேன். அப்போதும் பெல்ட் உள்ளே சுருளவில்லை, மடியில் தொளதொளவென்று கிடந்தது. சுருட்டும் ஸ்பிரிங் என்றைக்கோ போய்விட்டது. இத்தனை நாளும் கிளிப் அதை மறைத்திருக்கிறது.

சோதிப்பது சுலபம். பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விட்டால் தானாக உள்ளே போக வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மாற்றுங்கள். அழுக்குப் போக குளோராக்ஸ் மாதிரி பிளீச் ஊற்றித் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், நூலின் பலம் போய்விடும். லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று ஹாஃப் கட் கடையில், அதாவது பழைய கார்களை வெட்டி உதிரிப்பாகம் விற்கும் கடையில், பழைய பெல்ட் வாங்குவது இன்னொரு தவறு. பெரிய மோதலில் ஒருவரைத் தாங்கிய பெல்ட்டின் இழைகள் இழுபட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மோதும் கணத்தில் பெல்ட்டை இறுக்க சிறு வெடிமருந்து வைத்த வகையும் உண்டு. அது ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும்.

பெல்ட்டைக் கைக்கு அடியில் போடாதீர்கள். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே.

எனக்குப் பெரிய கவலை பின் சீட்தான். பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. குழந்தைகளுக்கான தனி இருக்கையும் 2020 முதல் கட்டாயம். ஆனாலும் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும்போது பின்னால் நாலைந்து பேர், பாட்டி மடியில் பேரன். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எந்தக் கையாலும் அந்தப் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. பெல்ட் போடாத பெரியவர் முன்சீட்டில் இருப்பவர் மேலேயே வந்து விழுவார்.

எங்கள் காரின் பின் சீட் மெத்தையைத் தூக்கியபோது பெல்ட் மாட்டும் பூட்டு அடியில் புதைந்து கிடந்தது, உள்ளே ஒரு இருபது காசும் சிக்கியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றினோம். இப்போது பெல்ட் எத்தனையோ அத்தனை பேர்தான் ஏறுகிறோம். மற்றவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள்.