பைக் இன்ஜின் அதிகமாகச் சூடாகிறதா? காரணம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

இன்ஜின் ஹீட் ஆகிறது என்றதும் பலரும் உடனே ஆயிலை மாற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பார்க் பிளக், பிறகு இன்னும் கெட்டியான ஆயில். எப்போது சூடாகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பாதி வேலையை முடித்துக்கொடுப்பது அந்தக் கேள்விதான்.

ரேடியேட்டர் (இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ஆறவைக்கும் பாகம்) உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். சிக்னலில் நிற்கும்போது சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஃபேன், அதன் ஃபியூஸ், அதை ஓடவைக்கும் சென்சார் இவற்றைப் பாருங்கள். ஊருக்குள் ஒன்றும் இல்லை, வேகமாக நெடுந்தூரம் போனால்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவாகவும் இருக்கலாம். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே கொதித்தால் சந்தேகம் வேறு: கூலன்ட் அளவு, திறக்காமல் சிக்கிய தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு), ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு).

சூடு வேறு, அதிகச் சூடு வேறு. காற்றில் குளிரும் இன்ஜின்மீது நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, 'சுர்' என்றால் பயந்துவிடுகிறார்கள். நல்ல இன்ஜினின் ஹெட்டும் 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அதனால் அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. சூடேறிய பிறகு இழுவை குறைகிறதா, ஏற்றத்தில் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டுவது போன்ற) சத்தம் வருகிறதா, ஆயில் கருகிய வாடை அடிக்கிறதா என்று கவனியுங்கள். லேசர் புள்ளியுள்ள வெப்பமானியால் அளப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கறுப்புப் பெயின்ட் உள்ள இடத்திலோ ரப்பர் ஹோஸிலோ அளந்தால்தான் நம்பலாம்.

இன்ஜின் சூடானால் குறையும் இன்ஜினில்தான் இருக்கும் என்று நினைப்பதுதான், என் அனுபவத்தில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. நண்பர் ஒருவர் இரண்டு முறை ஆயில் மாற்றிவிட்டு, அடுத்து இன்ஜினைப் பிரிக்கலாம் என்ற முடிவோடு வந்தார். வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், கனமாக இருந்தது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றுகூடப் போகாமல் 'சர்ர்' என்று உரசி நின்றது. பிரேக் ராடின் நட்டை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். மாதக்கணக்கில் அந்த இன்ஜின் பிரேக் பிடித்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நட்டைத் தளர்த்தி, பெடலில் சுமார் 2 சென்டிமீட்டர் ஆட்டம் விட்டோம். சூட்டுப் புகார் அதோடு நின்றது. வழுக்கும் கிளட்சும் இதே தொல்லையைத் தரும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் முதலில் கிளட்ச் கேபிளின் ஆட்டத்தைப் பாருங்கள்.

ஆயில் அளவைப் பார்ப்பதிலும் ஏமாறுகிறோம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவு தப்பாகத்தான் தெரியும். நிமிர்த்தி நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) திருகி அளப்பதா, சும்மா வைத்து அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். ஃபின்களுக்கு (இன்ஜின் சூட்டைக் காற்றில் விடும் வெளித்தகடுகளுக்கு) இடையே காய்ந்த சேற்றையும் மறக்க வேண்டாம்.

கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரை மேலோட்டமாகப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள். விரலால் வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். அதன் வழியே கணக்கில் வராத காற்று புகுந்தால் பெட்ரோலின் விகிதம் குறைந்து, எரியும் சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெளுத்துப் போயிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) இறுகியிருந்தாலும் சூடு ஏறும், அதை இன்ஜின் ஆறிய பிறகே அளக்க வேண்டும்.

கூலன்ட் வண்டிக்காரர்கள் ரேடியேட்டர் மூடியைச் சந்தேகிப்பதே இல்லை. கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை திறந்த நிலையில் 106 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், நல்ல ரேடியேட்டரும் கொதிக்கும். வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டினால் உள்ளே உப்புப் படியும், அலுமினியம் அரிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வே அல்ல. அடைப்பு அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறைந்துபோகும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். கொதிக்கும் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, உலோகம் ஒரே சீராகச் சுருங்காமல் கோணலாம், விரிசல் விடலாம். நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க, முற்றிலும் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, கூலன்ட் நிரப்பி, ஸ்டார்ட் செய்து மேற்பரப்பைக் கவனியுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் உள்ளே சிக்கிய காற்று. அது அடங்கிய பிறகும் சரம்போல விடாமல் எழுந்தால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. அப்போது இன்ஜினை அணைத்துவிட்டு, மெக்கானிக்கிடம் வண்டியை ஓட்டிப் போகாமல் ஏற்றி அனுப்புங்கள்.