மழைச் சாலையும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை முழுவதும் காய்ந்து கிடந்த தார்ச்சாலை, அடைமழையில் வழுக்குவதைவிட முதல் தூறலில்தான் அதிகம் வழுக்கும். மாதக்கணக்கில் படிந்த எண்ணெய்க் கசிவும் டயர்த் துகளும் புழுதியும் ஈரத்தில் குழைந்து மேலே பரவியிருக்கும். அவற்றை அடித்துச் செல்லும் அளவுக்குத் தண்ணீர் அப்போது ஓடியிருக்காது. அந்த நேரத்திலும், காரில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது என்ற துணிச்சலில் வழக்கமான வேகத்திலேயே போவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

எஞ்சின் சுழற்றும் சக்கரம் பிடிமானம் இழந்து மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கினால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காகப் பொருத்தப்பட்ட அதே சென்சார்கள் மூலம் அதை அறிந்து, எஞ்சினின் விசையைக் குறைப்பதோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுப்பதோதான் இந்த ஏற்பாட்டின் வேலை. டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானத்தை அது சிறிதும் கூட்டுவதில்லை. நிற்கும் தூரத்தைக் குறைப்பதும் இல்லை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் சுமார் 35 மீட்டரில் நிற்கும் கார், பிடிமானம் பாதியாகிவிட்ட சாலையில் 70 மீட்டர் ஓடும். வேகத்தை 40-க்குக் குறைத்தால், அதே வழுக்கலில் 18 மீட்டருக்குள் நின்றுவிடும்.

டாஷ்போர்டில் கார் படத்துக்குக் கீழே இரு நெளிகோடுகளுடன் ஒரு விளக்கு உண்டு. அது மின்னினால் பழுது என்று பதறுவோரும், பொருட்படுத்தாமல் ஆக்சிலேட்டரை மேலும் அழுத்துவோரும் ஒரே அளவில் தவறு செய்கிறார்கள். மின்னுவது சக்கரம் இப்போது வழுக்குகிறது என்பதற்கான அறிவிப்பு. காலை மெல்லத் தளர்த்துவதே அதற்குரிய பதில். ஓட்டும்போது அணையாமல் நிலையாக எரிந்தால்தான் அந்த வசதி நிறுத்தப்பட்டிருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது என்று பொருள்.

நிறுத்தும் பொத்தானுக்கும் பயன் இல்லாமல் இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துக் காலி மனையில், மழையில் ஊறிய மண்ணில் சக்கரம் புதைந்துவிட்டால், வழுக்கலைக் கண்டதும் விசை வெட்டப்படுவதால் கார் உறுமக்கூட முடியாமல் அப்படியே நிற்கும். அப்போது பொத்தானை அழுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டு வெளியே எடுக்கலாம். தார்ச்சாலை ஏறிய பிறகும் அதை மீண்டும் போட மறப்பதுதான் தவறு.

பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென அதிர்ந்தால், ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது, பழைய பழக்கத்தில் விட்டுவிட்டு மிதிக்கவும் கூடாது.

மலைச்சாலைக்குத் தனிக் கவனம் தேவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழைநாளில் இறங்கும்போது நியூட்ரலில் விடுவது ஆபத்து என்பது பலருக்கும் தெரியும். வளைவுக்குள் நுழைந்த பிறகு மூன்றாவது கியரிலிருந்து சட்டென முதலாவதுக்கு மாற்றுவதும் அதே அளவு ஆபத்து என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. எஞ்சின் திடீரென இழுத்துப் பிடிப்பதால் சக்கரம் சறுக்கும். முடுக்கும்போது ஏற்படும் வழுக்கலுக்காக அமைந்த டிராக்‌ஷன் கன்ட்ரோலை இங்கே நம்ப முடியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, கியரை மாற்றி முடித்திருக்க வேண்டும்.

தண்ணீர் தேங்கிய நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் திடீரென லேசாகிவிட்டால், டயர் தரையை விட்டு நீர்ப்படலத்தின் மேல் மிதக்கிறது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்க வேண்டும். காலை வைக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை மழையில் போடக் கூடாது என்பதும் இதனால்தான். (நான்கு பக்க விளக்குகளையும் மின்னவிட்டபடி ஓட்டும் வழக்கத்தையும் கைவிடலாம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போகிறது.)

டயரின் வரிப்பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும். மழையில் அந்த எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே பிடிமானம் சரியத் தொடங்கிவிடும். இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதானால், முன்சக்கரங்களால் இயங்கும் காராயினும், புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும், காலைத் தளர்த்தி மீட்கலாம். தேய்ந்த டயரோடு பின்பக்கம் விலகினால் வண்டி சுழன்றுவிடும்.