அட்டையைப் பார்த்து ரெக்கார்டு வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

மும்பை மாட்டுங்காவில் ரயிலேறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தால், பித்தளை விளக்குகளுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவே பழைய ரெக்கார்டுகள் அடுக்கியிருக்கும். ஒருநாள் அங்கே எம்.ஜி.ஆர். சிரிக்கும் அட்டை ஒன்று கண்ணில் பட்டது. நிறம் கொஞ்சம்கூட மங்கவில்லை, மும்பையில் தமிழ் ரெக்கார்டு கையில் சிக்குவதே அபூர்வம், அதனால் பேரம்கூடப் பேசாமல் 400 ரூபாயைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். ஊசியை வைத்தால் குஜராத்தி கர்பா நடனப் பாட்டு.

தட்டை வெளியே எடுத்துப் பார்க்காமல் வாங்குவது, இதுதான் முதல் தவறு. பழைய கடைகளில் தட்டு ஒரு பக்கம் அட்டை ஒரு பக்கம் கிடக்கும், கையில் அகப்பட்டதை அகப்பட்டதில் செருகிவிடுவார்கள், எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. அட்டையில் ஒரு எண் அச்சடித்திருக்கும், அதே எண் தட்டின் நடு லேபிளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தட்டை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளக்கும் அட்டைக்குள் கீறல் விழுந்த தட்டும், கரையான் அரித்த அட்டைக்குள் புதுசு மாதிரி தட்டும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மறுவாரம் போய்க் கேட்டபோது கடைக்காரர், "அண்ணா, போட்டோ தேக்கே லியா நா?" என்றார். படத்தைப் பார்த்துத்தானே வாங்கினேன், என்ன பதில் சொல்ல?

அடுத்தது, கதாநாயகன் முகத்தை நம்புவது. நம் சினிமா ரெக்கார்டுகளின் அட்டை பெரும்பாலும் பாட்டுக்காக வரைந்ததே இல்லை, பட போஸ்டரைச் சதுரமாக வெட்டியதுதான். முகம் அட்டை முழுக்க இருக்கும், இசையமைத்தவர் பெயரையும் பாடியவர் பெயரையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அதனால் ஓடாத படத்தின், முகம் தெரியாத நடிகரின் அட்டைக்குள் அருமையான பாட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும், விலையும் குறைவு. எப்போதும் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: பாட்டே இல்லாமல் வசனம் மட்டும் உள்ள ரெக்கார்டுகளும் வந்திருக்கின்றன. 1975-ல் வந்த 'ஷோலே' இந்திப் படத்தின் வசன ரெக்கார்டு சக்கைப்போடு போட்டது. அதைப் பாட்டு என்று நினைத்து வாங்கிப்போனால் அதன் வில்லன் கப்பர் சிங் மிரட்டுவதைத்தான் கேட்க வேண்டும்.

படமே இல்லாத உறையை ஒதுக்குவது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் தவறு. ரெக்கார்டு உறையில் படம் வரையலாம் என்ற எண்ணமே பிற்பாடு வந்ததுதான். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1940-ல் அதைத் தொடங்கிவைத்தார், அதுவரை மொட்டைக் காகித அட்டைகள்தான். நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் நம் ஊர்ப் பழைய தட்டுகளும் பொதுவாகக் கம்பெனி பெயர் போட்ட காகித உறையில்தான் வந்தன. பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் அந்தக் காகிதத்துக்குள் இருப்பார்கள், நீங்கள் வண்ணப்படத்தைத் தேடிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஆனால் ஒன்று, அந்தத் தட்டுக்குத் தடித்த ஊசி வேண்டும், பிற்பாடு வந்த எல்.பி. தட்டுகளுக்கான மெல்லிய ஊசியை வைக்காதீர்கள், தட்டைக் கீழே போட்டால் பீங்கான் மாதிரி உடையும்.

பழைய கேசட் பொறுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது 'வெர்ஷன்' பாட்டு. 80-களில் பழைய பாட்டுகளை வேறு குரலில் பாட வைத்து மலிவாக விற்றார்கள், பாட்டின் பெயர் கண்ணில் அடிக்கும், பாடியவர் பெயர் எறும்பு எழுத்தில் இருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு அட்டையைப் பற்றியே பேசுகிறது: மறுபடி பாடிய பதிவின் உறையில் முதலில் பாடியவர் பெயரோ படமோ இருக்கக் கூடாது, இது மறுபதிவு என்று உறையிலேயே சொல்ல வேண்டும். பழைய கேசட்டுகளுக்கு இது உதவாது, சிறு எழுத்தைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

பிரபலமான அட்டைக்கு யானை விலை கொடுப்பதும் வேண்டாம். பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 1973 ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை, முக்கோணக் கண்ணாடியும் வானவில்லும்தான், இருந்தும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது திரும்பத் திரும்ப அச்சான ரெக்கார்டு. எந்த அச்சு என்பதை லேபிள் சொல்லும், முக்கோணம் சொல்லாது.

சுவரில் மாட்டத்தான் வாங்குகிறேன் என்றால் சரி, அட்டைக்கு மட்டும் விலை பேசுங்கள். என் எம்.ஜி.ஆர். இப்போது ஹாலில் ஃப்ரேமுக்குள் இருக்கிறார். கர்பா தட்டைக் கீழ்வீட்டு குஜராத்தி மாமி நவராத்திரிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் பிளேயர் இல்லாததால் என் பிளேயரும் கூடவே போனது, இன்னும் திரும்பி வரவில்லை.