எல்பிஜி டேங்கைக் கழற்றிய பின் பெட்ரோலில் ஓட மறுத்த கார்: என் அனுபவம்

டிக்கியின் தரைத்தகடு துருப்பிடித்திருந்ததால், வெல்டிங் செய்வதற்காக என் பழைய கார்புரேட்டர் காரின் எல்பிஜி டேங்கைத் தற்காலிகமாகக் கழற்ற வேண்டியிருந்தது. எரிவாயு தீரும்வரை ஓட்டி, டேங்க் வால்வை மூடி, செம்புக் குழாயின் முனையையும் அடைத்த பிறகே மெக்கானிக் டேங்கை வெளியே எடுத்தார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. பள்ளங்களில் தேங்கும் என்பதால் டேங்கைத் திறந்தவெளியில் வைத்தோம்.

அதன்பின் கார் பெட்ரோலில் உடனே ஸ்டார்ட் ஆகி, சற்று நேரம் ஓடி, தானாக நின்றது. பெட்ரோல் வடிகட்டியை மாற்றினோம், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தோம், பம்பையும் மாற்றினோம், பயனில்லை.

நிற்பதற்கு முன் சிறிது நேரம் ஓடியதுதான் துப்பு: கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் மட்டுமே எரிந்திருக்கிறது. பெட்ரோல் காரை எல்பிஜியிலும் ஓடவைக்கும் இத்தகைய கிட்டில் (மாற்று உபகரணத் தொகுப்பில்) பெட்ரோல் குழாயிலும் ஒரு சொலினாய்டு வால்வு உண்டு. மின்சாரம் வந்தால்தான் அது திறக்கும். பாதுகாப்புக்காக எல்பிஜி கிட்டின் ஃபியூஸை எடுத்துவைத்திருந்ததால், அந்த வால்வு மூடியே கிடந்தது.

டேங்கிலிருந்து பிரித்த ஒயர் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றிக் காப்பிட்டு, ஃபியூஸை மீண்டும் பொருத்தி, எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சைப் பெட்ரோலில் வைத்ததும் கார் நிற்காமல் ஓடியது, நிம்மதி. பல பெட்ரோல் வால்வுகளில், மின்சாரமின்றிக் கையால் திறக்க ஒரு சிறு திருகும் இருக்கும்.