மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பக்கம்: கறுப்பின, ஆசிய மாணவர்களையும் மனத்தில் கொண்டு எழுதுவது எப்படி?

இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் உதவிப் பக்கத்தை எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால், இப்போதுள்ள பக்கங்களைப் படங்களோடு அச்சிட்டு மேசையில் பரப்பிப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கான பக்கத்தில் சக்கர நாற்காலியில் வெள்ளையின மாணவர் ஒருவர் இருந்தார். இனப் பாகுபாட்டைப் புகாரளிக்கும் பக்கத்தில் கறுப்பின மாணவியர் இருவர் இருந்தனர். இரண்டு பக்கங்களும் ஒரே மாணவருக்குத் தேவைப்படலாம் என்பதற்கான குறிப்பு எங்கும் இல்லை.

படத்தை மாற்றுவது எளிது. சொற்களில்தான் வேலை இருக்கிறது. "நீங்கள் மாற்றுத்திறனாளியா?" என்று தொடங்கி, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள சிரமம்), ஆட்டிசம், மனச்சோர்வு என்று மட்டும் பட்டியலிடும் பக்கத்தை, அரிவாள் செல் இரத்தசோகை என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள மாணவி தனக்கானதாக எண்ணமாட்டார். ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படும் இந்நோயில், குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் கடும் வலியைத் தூண்டக்கூடும் என்பதால், ஜனவரி மாதத்தில் சரியாகச் சூடேறாத கூடத்தில் மூன்று மணி நேரத் தேர்வு எழுதுவது அவருக்குப் பெரும் சோதனை. ஆகவே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மாற்றுத்திறனுக்குத் தரும் வரையறையையே எளிய தமிழில் பேசுவதுபோல் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்: 12 மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, அன்றாடச் செயல்களைக் கணிசமாகப் பாதிக்கும் உடல் அல்லது மனக் குறைபாடு. 'கணிசமாக' என்பதற்கு 'அற்பமானதல்ல' என்பதே சட்டம் தரும் பொருள், இதையும் சொல்லிவிடுங்கள். அரிவாள் செல் நோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, கதவிலிருந்து தள்ளிய இருக்கை, தண்ணீர், இடைவேளை எனக் கேட்கக்கூடியவற்றையும் எழுதுங்கள்.

அடுத்தது பணம். அரசின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை திருப்பிச் செலுத்த வேண்டியதன்று. குடும்ப வருமானத்தைப் பொறுத்ததுமன்று. ஆனால் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் வருபவருக்கு அது கிடைக்காது. "உங்களுக்குத் தகுதியில்லை" என்ற வரியோடு பத்தியை முடித்துவிட்டால், உதவியே இல்லையென்று அவர் பக்கத்தை மூடிவிடுவார். அதுதான் எனக்குப் பெரும் வேதனை. மேலே சொன்ன இருக்கை, இடைவேளை போன்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் பல்கலைக்கழகத்தின் கடமை எந்நாட்டு மாணவருக்கும் பொருந்தும், அதற்கான செலவை அவரிடம் வசூலிக்கக் கூடாது என்பதை அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.

கடைசியாகப் புகார்ப் படிவத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு காரணங்கள் சேர்ந்த பாகுபாட்டைக் குறிக்கும் சமத்துவச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இயற்றப்பட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை என்றாலும், 'இனம்', 'மாற்றுத்திறன்' ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டாயம் உங்கள் படிவத்துக்கு இல்லை. இரண்டையும் குறிக்க இடம் கொடுங்கள்.