பந்து ஏன் மேலேயே போனது? என் அனுபவம்

காரைக்குடியில் ஒரு பொட்டலில்தான் எங்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான விளையாட்டு) பயிற்சி. மாவட்டப் போட்டி நெருங்கும் நேரத்தில் என் பிட்ச் (கையைச் சுற்றி, இடுப்பருகே கீழிருந்து பேட்டருக்கு வீசும் பந்து) எல்லாம் பேட்டரின் தோளுக்கு மேலேயே போக ஆரம்பித்தது. வாரக்கணக்கில் இதே கதை.

பிடியை மாற்றினேன். பழைய பந்தைத் தூக்கிப் போட்டுப் புதுசு எடுத்தேன். (பேர்தான் சாஃப்ட்பால், பட்டால் கல்லுதான்.) மெதுவாகப் போட்டால் 43 அடி தள்ளி நிற்கும் பேட்டருக்கு அது அல்வா. கையை இன்னும் சீக்கிரம் விடச் சொன்னார்கள். பந்து என் காலடியிலேயே குத்தியது.

கேட்ச் பிடிக்கிற அக்காதான் கவனித்தார். "உன் காலைப் பாருடி, கையை விடு." செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, நான் நின்று வீசும் பிட்ச்சிங் பலகையிலிருந்து, பேட்டர் பக்கம் இருக்கும் ஹோம் பிளேட் நோக்கிக் கோலமாவால் ஒரு கோடு இழுத்தோம். நான் வலது கைக்காரி. முன்னால் வைக்கிற இடது கால் ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் பதிந்திருந்தது. அதனால் இடுப்பு குறுக்கே வந்து நிற்க, சுற்றி வரும் கை அதை விலகிப் போய்த் தாமதமாகப் பந்தை விட்டது. அதனால்தான் பந்து மேலே போனது.

பாதத்தைக் கோட்டின் மேலேயே, சற்றே சாய்வாக வைத்துப் பழகினேன். கால் சரியாக விழுந்ததற்கு அடையாளம் ஒன்று உண்டு: கை இடுப்பை உரசிப் போவதால், முழங்கைக்குக் கீழே ஒட்டியிருக்கும் செம்மண் பேன்ட்டின் இடுப்புப் பக்கம் தீற்றலாக ஒட்டும். முன்பெல்லாம் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும்.

அந்தப் போட்டியில் ஏழாவது இன்னிங்ஸின் கடைசி பேட்டரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) எடுத்தேன். கறைதான் இன்னும் போகவில்லை, அம்மா திட்டுகிறார்.