மெக்சிகோ சாப்பாட்டுக்கும் பந்திதான் சரி

நாங்கள் ஐந்து பேர், காரைக்குடியில் ஒன்றாகக் கல்லூரியில் படித்தவர்கள். இப்போது ஒருத்தி தேவகோட்டையில், ஒருத்தி பள்ளத்தூரில், ஒருத்தி கானாடுகாத்தானில் இருக்கிறோம். ஒருத்தி மகன் வீட்டோடு சென்னையில், நான் காரைக்குடி செக்காலையில். வருஷத்துக்கு இரண்டு தடவை விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், அவள் வீட்டில் தங்கி, மறுநாள் மத்தியானம் ஐந்து பேரும் வெளியே சாப்பிடுவோம். நாலு வருஷமாக அது மெக்சிகோ, பெரு நாட்டுச் சமையல் கிடைக்கிற இடமாகவே இருக்கிறது. "அங்கே போய் என்ன கேட்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது?" என்று ஊரில் பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் தடவை ஆளுக்கொரு புரிட்டோ சொன்னோம். பெரிய கோதுமை ரொட்டிக்குள் சோறு, ராஜ்மா மாதிரியான பீன்ஸ், கறி எல்லாம் வைத்துச் சுருட்டித் தருவார்கள். ஒன்றை முழுசாகச் சாப்பிட நல்ல பசி வேண்டும். பாதிக்கு மேல் யாருக்கும் இறங்கவில்லை. ஐந்து பேரும் ஒரே ருசியைத் தின்றுவிட்டு எழுந்தோம். நம் வீட்டு விசேஷத்தில் இலை போட்டால் கூட்டு, மண்டி, வறுவல், அப்பளம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வருகிறது இல்லையா? அந்தச் சாப்பாட்டையும் அப்படித்தான் வாங்க வேண்டும். ஐந்து பேருக்கு இப்படிச் சொல்லுங்கள்: சிப்ஸோடு ஒரு குவாக்கமோலே, அதாவது வெண்ணெய்ப்பழத்தை வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சையோடு மசித்தது. ஒரு கேசடியா, அதாவது ரொட்டிக்குள் சீஸ் வைத்து மடித்துச் சுட்டது. இரண்டு விதமான டாக்கோ, அதாவது சின்ன ரொட்டியில் கறியோ காயோ வைத்து மடித்தது. கருப்பு பீன்ஸ் ஒரு கிண்ணம். எல்லாம் நடுவில் வரட்டும். தீர்ந்த பிறகு அடுத்ததைச் சொல்லலாம், அவசரமில்லை.

போகும் முன்பே போன் செய்து விசாரித்துவிடுங்கள். பள்ளத்தூர்க்காரி சுத்த சைவம். ஒரு ஓட்டலில் சிவப்புச் சோற்றைக் காட்டி "இது வெஜ்தானே?" என்றோம். பரிமாறிய பையன் தயங்காமல் "வெஜ்தான்" என்றான். அவள் பாதி சாப்பிட்ட பிறகுதான் உள்ளேயிருந்து வந்தவர், அரிசி கோழி வேகவைத்த தண்ணீரில் வெந்தது என்று சொன்னார். அவள் ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அதிலிருந்து "வெஜ்ஜா?" என்று நாங்கள் கேட்பதில்லை. அரிசி எந்தத் தண்ணீரில் வேகிறது, பீன்ஸ் எந்தக் கொழுப்பில் தாளிக்கிறது, காய்க்குத் தனிக் கல் உண்டா என்று மூன்று கேள்வி கேட்போம். மெக்சிகோவில் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். இங்கே எண்ணெயில் செய்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

மெனு ஸ்பானிஷில் இருந்தால் சில வார்த்தைகள் போதும். போயோ என்றால் கோழி, பெஸ்காடோ மீன், கமரோனெஸ் இறால். ரெஸ் மாட்டுக்கறி, செர்டோ அல்லது புவெர்க்கோ பன்றி. கார்னே அசாதா என்று பார்த்தால் பெரும்பாலும் மாடு, கார்னிட்டாஸ் பன்றி. அல் பாஸ்டரும் வழக்கமாகப் பன்றிதான். லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்களின் ஷவர்மாவிலிருந்து பிறந்தது அது. இரண்டு எல் சேர்ந்து வந்தால் 'ய' என்று படியுங்கள்: டோர்ட்டியா (அவர்களுடைய ரொட்டி), கேசடியா.

இனி டோர்ட்டியா. கோதுமையா மக்காச்சோளமா என்று கேட்டு, சோளத்தையே வாங்குங்கள். முதல் ரொட்டி வந்ததும் மடிக்காமல் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். லேசாகக் கருகிய சோள வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை தெரியும், வெள்ளையடித்த சுவரில் மழைச்சாரல் பட்டது போல. அது சுண்ணாம்பு. நாம் வெற்றிலையில் தடவுகிற அதே சுண்ணாம்பு கலந்த தண்ணீரில்தான் சோளத்தைக் கொதிக்கவிட்டு ஊறவைக்கிறார்கள். தோல் கழன்றுவிடும், மாவும் பிசைய வரும். வெறும் சோளத்தில் உடம்புக்குச் சேராத நியாசின் சத்தும் அதனால் சேர்கிறது. அந்த மாவை அரைக்கிற மெட்டாட்டே என்ற கல்லைப் படத்தில் பார்த்ததும் கானாடுகாத்தான்காரி, "அடியே, எங்க ஆயா வீட்டு அம்மிடி!" என்றாள். குழவியை இரண்டு கையாலும் தள்ளி அரைப்பதுகூட நம் மாதிரியேதான்.

டாக்கோவைக் கையால்தான் சாப்பிட வேண்டும். வந்ததும் எலுமிச்சையைப் பிழிந்து, சல்சா என்கிற காரச் சட்னி ஒரு கரண்டி விட்டு, மூன்று விரலால் மடித்துப் பிடியுங்கள். டாக்கோவைச் சாய்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் மறுபக்கம் கொட்டும். தலையைச் சாய்த்துக் கடியுங்கள். அடியில் பல இடங்களில் இரண்டு ரொட்டி வைத்திருப்பார்கள். சிந்தியதை இரண்டாவதில் அள்ளிக்கொள்ளலாம். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், ஆறினால் ரொட்டி ஊறிப் பிய்ந்துவிடும்.

காரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'செட்டிநாட்டு நாக்கு, எதையும் தாங்கும்' என்று நினைத்துவிடாதீர்கள். ஹலபேன்யோ மிளகாய் நமக்குச் சாதாரணம். ஹபனேரோ மிளகாய் அப்படியில்லை, அதைவிடப் பல மடங்கு. நம் சமையலில் காரம் மசாலாவோடு எண்ணெயில் வெந்து இறங்குகிறது. அவர்கள் காரத்தைச் சல்சாவாக மேஜையில் வைத்துவிடுகிறார்கள், வேண்டியவர்கள் வேண்டியதைப் போட்டுக்கொள்ள. ஒவ்வொரு கிண்ணத்திலும் சிப்ஸின் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு விடுங்கள். பச்சை சல்சாவின் புளிப்பு டொமாட்டியோ என்ற காயிலிருந்து வருகிறது. சின்ன வயதில் நெற்றியில் அடித்து உடைப்போமே, சொடக்குத் தக்காளி, அதற்குப் பெரிய அக்கா அது. காகிதம் போன்ற அதே உறைக்குள் இருக்கும்.

எனக்கு அந்த மேஜையில் அந்நியமாகவே தோன்றுவதில்லை. மிளகாயின் தாய்வீடே அந்தப் பக்கம்தான். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்த்துக்கீசியர் வழியாகத்தான் மிளகாய் நமக்கு வந்தது. அதுவரை நம் காரம் மிளகு. பேரே மிளகிலிருந்துதான் வந்தது பாருங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அந்தக் கண்டத்துச் சொத்து. நம் சீரகமும் கொத்தமல்லியும் கடல் தாண்டி அங்கே போயிருக்கின்றன. மெனுவில் மோலே இருந்தால் விடாதீர்கள். பல வகை வற்றலை வறுத்து, எள், கடலை, பட்டை, கொஞ்சம் சாக்லேட் சேர்த்து அரைத்த குழம்பு. வறுத்து அரைத்த குழம்பில் வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே புரிந்துவிடும்.

செவிச்சே பெரு நாட்டுக்காரர்களின் பெருமை. 2023-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பச்சை மீனை எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாயில் ஊறவைத்துத் தருவார்கள். மீன் வெந்தது போல வெளுத்திருக்கும், ஆனால் நெருப்பில் சாகிற கிருமி எல்லாம் புளிப்பில் சாகாது. மீன் இன்று வந்ததா என்று கேட்டு, நம்பிக்கையான இடத்தில் மட்டும் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வேண்டாம். தொண்டி மீன் தின்று வளர்ந்த தேவகோட்டைக்காரிதான் எங்களில் முதலில் எடுத்தாள். "புளி இல்லாத மீனா?" என்று முகம் சுளித்தவள், கிண்ணத்தில் மிஞ்சிய சாற்றையும் குடித்துவிட்டாள்.

இனிப்புக்கு மூன்று பாலில் ஊறிய ட்ரெஸ் லெச்செஸ் கேக் ஒன்று, ஸ்பூன் ஐந்து. எங்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரை, அதனால் அந்த அளவோடு சரி.

பணத்தை உட்காரும் முன்பே ஒருத்தி பையில் போட்டுவிடுவோம். கறியும் இறாலும் தொடாத பள்ளத்தூர்க்காரியின் பங்கைக் குறைத்துவிடுவோம். அவள் வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். ஓட்டல்கள் தாமாக அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பரிமாறியவர் கையில் நாங்களே தனியாகக் கொடுத்துவிடுவோம்.

மிஞ்சிய டாக்கோவைக் கட்டி எடுத்து வராதீர்கள், வீடு வருவதற்குள் கூழாகிவிடும். சல்சாவைக் கட்டலாம். போன தடவை புகையில் வாட்டிய மிளகாயில் செய்த சிப்போட்லே சல்சா கொஞ்சம் கொண்டுவந்தோம். மறுநாள் காலை சென்னைக்காரி வெள்ளைப்பணியாரம் ஊற்றினாள். வரமிளகாய்ச் சட்னியை ஒதுக்கிவிட்டு எல்லாரும் அதையே தொட்டுக்கொண்டோம். மூன்றாவது ஈடு இறங்குவதற்குள் கிண்ணம் காலி. இனிமேல் கிளம்பும்போது இரண்டு கிண்ணம் காசு கொடுத்தே வாங்கி வருவதாக முடிவு செய்திருக்கிறோம்.